கட்டில் காலடியில் ஈரம்

ஈரம் என்றாலே எனக்கு ஆகாது. ஈரத் துண்டு, ஈரக் கால்மிதி, கழுவிய பாத்திரத்தைத் துடைக்காமல் அடுக்குவது, குளித்துவிட்டு வந்தவர் கூடத்தில் விட்டுப்போன கால் தடம், எதைப் பார்த்தாலும் உடம்பு கூசும். பிறவியிலேயே அப்படியா, தொழில் கொடுத்த சீரா தெரியவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். என் வேலையே முகர்வதுதான். மாவு மூட்டை வந்தால் முகர்வேன், எண்ணெய் டின் வந்தால் முகர்வேன். இந்த எண்ணெய் நாலு நாளில் காறிப்போகும் என்று நான் சொன்னால் ஆய்வகத்துக்காரர்கள் தலையாட்டிவிட்டுத்தான் அதைக் கருவியில் வைப்பார்கள். இருபது வருஷமாக என் மூக்கு பொய் சொன்னதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த மூக்கை அறுத்து எறிந்துவிடலாமா என்று தோன்றிய ஒரு காலையைப் பற்றியும், அதற்குக் காரணமான என் மாமனாரைப் பற்றியும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். துவைக்கிற வேலை இல்லை, பிரிக்கிற வேலை. வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். நீள மேஜைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பார். ரத்தம் பட்டது ஒரு தொட்டிக்கு, வாந்தி ஒரு தொட்டிக்கு, மூத்திரம் ஒரு தொட்டிக்கு, வெறும் தண்ணீர் கொட்டியது தனியாக. மாற்றிப் போட்டால் கறை நின்றுவிடும். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் அது துணியை விட்டுப் போகவே போகாதாம். இதெல்லாம் கல்யாணமான புதிதில் அவரே எனக்குச் சொன்னது. சாப்பிடும்போது சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன், அவரும் விகல்பமில்லாமல் சொல்ல ஆரம்பித்தார். வாந்தித் தொட்டிக்கு வந்தபோது நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் முன்னால் அவர் தன் வேலையைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அத்தை காலமானதும் என் மனைவி அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு அவள் ஒரே மகள். இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையை அவருக்கு ஒதுக்கினோம். ஆறு வருஷத்தில் அவரால் எனக்கு ஒரு தொந்தரவு கிடையாது. கொடியில் காய்ந்த துணிகளை அவர்தான் மடிப்பார். அவர் மடித்த சட்டை கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல இருக்கும். பேச்சு குறைவு, கிண்டல் உண்டு. நான் பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பதைக் கண்டால், "மாப்பிள்ளை கையெழுத்து போட்டுட்டார், இனி காய்ச்சலாம்" என்பார் மகளிடம்.

குளிர்காலம் தொடங்கும் முன் பழைய ஹீட்டர் செத்துப்போய், புதிதாக ஒன்று வாங்கினோம். இருபத்தைந்து லிட்டர். குளியலறைச் சுவரில், மாமா அறையை ஒட்டிய பக்கம் பிளம்பர் மாட்டினார். ஹீட்டருக்குக் கீழே குழாய்கள் குடல் மாதிரி தொங்கின. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, ஹீட்டரின் அடியிலிருந்து தரைவரை கதவு வைத்த ஒரு பிளைவுட் பெட்டி போட்டு மூடச் சொன்னேன். குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாதே என்று பெட்டியின் விளிம்பு முழுக்கப் பசை வைத்து அடைக்கவும் சொன்னேன். முடிந்த பிறகு பார்த்தால் ஒரு குழாய்கூடக் கண்ணில் படவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலை மாமா அறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கட்டிலின் கால்மாட்டில், சுவரை ஒட்டி, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். மஞ்சளாக இருந்தது. குனிந்து பார்த்தேன். குப்பென்று ஒரு புளித்த நெடி. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன்.

"உங்க அப்பா ராத்திரி எழுந்திருக்க முடியாம அங்கயே போயிட்டார்."

அவள் முகம் செத்துவிட்டது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் மாமாவே ஒரு பழைய துண்டைப் போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெறும் கையால் துண்டைப் பிழிந்தார், பிழிந்த கையை முகர்ந்தும் பார்த்தார். நான் மூக்கிலிருந்த துண்டை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"இது அது இல்ல மாப்பிள்ளை" என்றார்.

"அப்ப வேற என்ன மாமா?"

"தண்ணி மாதிரிதான் இருக்கு."

"மஞ்சளா இருக்கு, நாறுது. தண்ணி எங்கயாவது நாறுமா? என் மூக்கு எனக்குப் பொய் சொல்லாது மாமா."

அவர் என் மூக்கைப் பார்த்தார். அது இன்னும் துண்டுக்குள்தான் இருந்தது. பிறகு பிழிந்த துண்டை அலச எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாளும். பிறகு தினமும். நான் என்னென்ன செய்தேன் என்று இப்போது வரிசையாக எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஆறு மணிக்கு மேல் அவருக்குத் தேநீர் கிடையாது என்றேன். கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பாத்திரம் வைத்தேன். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டேன். கடைசியில் மருந்துக் கடையிலிருந்து பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வந்து, அவர் கையில் கொடுக்க வெட்கப்பட்டு, மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் நனைத்ததைப் பிரித்தவர் அதை எடுத்துக் கட்டிக்கொண்டார். காலையில் டயப்பர் காய்ந்து கிடந்தது. தரை ஈரமாக இருந்தது. அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தினமும் விடிந்ததும் அவரே துடைத்துக் கழுவி, துண்டை அலசிக் காயப்போடுவார். அதையும் நான் விடவில்லை. தடயத்தை மறைக்கிறார், மடியில் கனமில்லாதவர் ஏன் விடிவதற்குள் துடைக்க வேண்டும் என்றேன். வீடே நாறுகிறது என்று சதா புலம்பினேன். உண்மையிலேயே நாறியது. சாப்பிட உட்கார்ந்தால் அந்த நெடி, படுத்தால் அந்த நெடி. அலுவலகத்தில் மாவு மூட்டையை முகர்ந்தால்கூட அதுதான் வந்தது.

இதற்கிடையில் குளியலறையிலும், ஹீட்டரைச் சுற்றிச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு கறுப்புப் புள்ளிகள் வந்தன. பெட்டியின் கதவு ஊதிப்போய்த் திறக்க வரவில்லை. "ஹீட்டர்கிட்ட ஈரமா இருக்குங்க, யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம்" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். வெந்நீர் ஆவி, வேறொன்றுமில்லை, ஜன்னலைத் திறந்து வை என்றேன். புது ஹீட்டர் ஒழுகுமா? இரண்டு ஈரத்தையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று ஆவி, மற்றது மாமா. இரண்டுக்கும் நடுவில் நாலு அங்குலச் சுவர்தான் இருந்தது.

ஆறாவது வாரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். இரவிலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, விரிப்பு தினமும் மாற்றுவார்கள் என்றார்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் வண்டி வரும் என்று முடிவானது. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமா கேட்டுவிட்டு, "வியாழக்கிழமையா? சரி" என்றார். புதன்கிழமை மத்தியானமே தன் பையில் துணிகளை அடுக்கிவிட்டார். நாலு சட்டை, மூன்று வேட்டி. பையை மூடியபோது ஒரு விளிம்புகூடப் பிதுங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வண்டி சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். தோளில் கருவிப் பையோடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், முடியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ஹீட்டர் கம்ப்ளைன்ட்டா சார்? மேடம் போன் பண்ணியிருந்தாங்க."

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "வாங்க" என்று அவரை நேரே குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மெக்கானிக் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "எப்ப ஈரமாகுது?"

"எந்நேரமும்தான். காலையில கொஞ்சம் அதிகம்" என்றாள் மனைவி.

"ஹீட்டர் எப்ப போடுறீங்க?"

"அஞ்சு மணிக்கு" என்றேன். "ஆவிதாங்க அது. இதுக்கெல்லாம் உங்களை வரவழைச்சு..."

"ஆவியா இருந்தா கூரையிலயும் இருக்கணும் சார். அது காஞ்சுதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டிக் கதவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். கதவு பிய்ந்துகொண்டு வந்தது.

உள்ளேயிருந்து வந்த நெடி என் முகத்தில் அறைந்தது. அதே நெடி. ஆறு வாரமாக நான் மாமாமேல் சுமத்திய நெடி, என் குளியலறைப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பிளைவுட் ஊறிக் கறுத்து, ஏடு ஏடாகப் பிரிந்து, அடியில் பழுப்பு மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே வெள்ளையாகப் பூசணம்.

"பசையும் மரமும் ஊறினா இப்படித்தான் நாறும்" என்றார் மெக்கானிக் சர்வசாதாரணமாக. ஸ்பேனரைத் தொடவில்லை. தேங்கியதைப் பஞ்சில் ஒற்றியெடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துக் காயவைத்தார். பிறகு டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, குளிர்ந்த தண்ணீர் ஏறும் இடத்தில் ஒன்று, வெந்நீர் இறங்கும் இடத்தில் ஒன்று, தொட்டியின் அடியில் ஒன்று, வால்வின் வாயில் ஒன்று என்று சுற்றினார். ஸ்விட்சைப் போடச் சொன்னார்.

"இப்ப பாத்துட்டே இருப்போம். எது நனையுதோ அதுதான். எல்லாமே நனைஞ்சா தொட்டி வேர்க்குதுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் நனைஞ்சா அந்த இடம். பாக்கறதுக்கு முன்னாடி இதுதான்னு நான் சொல்றதில்ல சார்."

அவர் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் வாசலில் நின்றோம். கால் மணி நேரம் மூன்று பேரும் நாலு காகிதக் கீற்றை வெறித்துக்கொண்டிருந்தோம்.

முதல் மூன்றும் வெள்ளையாகவே இருந்தன. வால்வில் சுற்றியது மெல்ல நிறம் மாறி, தொங்கி, கிழிந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

"வால்வு கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"கெடல. அது வேலையைத்தான் அது செய்யுது. தண்ணி சூடானா பெருகும், பெருகினது வெளிய வரணும், இல்லன்னா தொட்டி வெடிக்கும். தினம் ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர் சொட்டும். அது போறதுக்கு ஒரு குழாய் இருக்கும், வடிகால் வரைக்கும்." விரலால் வால்வின் அடியைத் தடவினார். "அதை இங்க வெட்டியிருக்காங்க. யார் சார் வெட்டினது?"

"அந்தப் பிளம்பர்" என்றேன்.

"நீங்கதான் வெட்டச் சொன்னீங்க" என்றாள் மனைவி. "அவர் வேணாம் வேணாம்னு சொன்னார். அசிங்கமா தொங்குது, பெட்டிக்குள்ள நிக்கலன்னு நீங்கதான் நின்னு வெட்ட வெச்சீங்க."

எனக்கு நினைவிருந்தது. சொட்டும் சார், அதுதான் முறை என்று பிளம்பர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதும், புதுசு ஏன்யா சொட்டணும் என்று நான் எகிறியதும் அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது.

மெக்கானிக் பெட்டியின் மூலையில் டார்ச் அடித்தார். தரையோடு ஒரு ஓட்டை. முன்பு மாமா அறையில் ஒரு கைகழுவும் தொட்டி இருந்தது, அதை எடுத்தபோது குழாய் போன ஓட்டையை யாரும் பூசவில்லை. "விளிம்பு பூரா பசை வெச்சு அடைச்சிருக்கீங்க. தண்ணிக்கு வேற வழியே இல்ல. இது வழியாத்தான் போயிருக்கும். அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?"

நான் மாமா அறைக்கு ஓடினேன். அவர் குளித்து, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டிப்போய்க் கால்மாட்டில் மண்டியிட்டேன். அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் ஒரு குவளை வெந்நீரை ஊற்றினார். சுவரின் அடிப்பட்டைக்குக் கீழே முதலில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு அது பரவி, மஞ்சளாக, வெதுவெதுப்பாக என் முழங்காலைத் தொட்டது. விரலால் தொட்டு முகர்ந்தேன். ஊறிய மரமும் பசையும். மூத்திர வாடை அதில் மருந்துக்குக்கூட இல்லை. எண்ணெய் காறும் நாளைச் சொல்லத் தெரிந்த இந்த மூக்குக்கு, மரத்துக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியாமல் என்ன, ஒரு நாளாவது துண்டை எடுத்துவிட்டு நிதானமாக முகர்ந்திருந்தால்தானே தெரியும்? என்மேல் எனக்கே வந்த அருவருப்பை எதைக் கொண்டும் பொத்த முடியவில்லை.

மனைவி உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஹீட்டரா?" என்றார் மாமா.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"எங்கேருந்து வருதுன்னு தெரியாது. என்னதில்லன்னு தெரியும். எத்தனை ஆயிரம் விரிப்பு பாத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் ஒரு தடவையோட விட்டுட்டீங்க? சண்டை போட்டிருக்கலாமே."

"உங்க வீட்டுல உட்கார்ந்துகிட்டு உங்க மூக்கோட நான் எப்படிச் சண்டை போடறது மாப்பிள்ளை?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தரையிலிருந்து எழுந்திருக்காமலே, "தப்பு என்மேலதான் மாமா. மன்னிச்சுக்குங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம். நான் போன் பண்ணி வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றேன்.

"ஆமாம்பா, பையைக் குடுங்க" என்று மனைவி கையை நீட்டினாள்.

மாமா பையைக் கொடுக்கவில்லை. குளியலறையில் மெக்கானிக் புதுக் குழாயை அளந்து வெட்டும் சத்தம் கேட்டது. கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"இது ஹீட்டர்னு தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம்" என்றார். "எனக்கு எழுபத்தெட்டாச்சு. ஒரு நாள் இல்ல ஒரு நாள் நிஜமாவே நான்தான் நனைப்பேன். எல்லாருக்கும் வர்றதுதான். அன்னிக்கு என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?"

"நான் பாத்துக்கறேன்பா" என்றாள் மனைவி.

"உன்னைக் கேக்கலம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. குத்தல்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளும் தோரணையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். துடைத்துவிடலாம் மாமா என்று சொன்னால் போதும். வேறெந்த மருமகனும் யோசிக்காமல் சொல்லியிருப்பான். நான் அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். நிஜமான ஈரம், நிஜமான நெடி, பிழிய வேண்டிய துணி, என் கை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "துடைச்சிடலாம் மாமா" என்று நான் சொல்லி முடித்தபோது அவர் எழுந்துபோய், பையோடு வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.